முருங்கை மடி இறக்கிய வாரம்

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பொழுது கிளம்புகிற நேரத்தில், ஊஞ்சக்காட்டுப்புதூர் டீக்கடைக்காரர் சென்னியப்பன் வேப்பங்குச்சியும் வாயுமாக வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போனபோது, அங்கே நின்ற முருங்கை மரம் மடி இறக்கியிருந்தது. இடுப்பு உயரத்தில் கிளை பிரிகிற இடத்தில் பட்டை வெளுத்து, மெத்தென்று புடைத்து, அதன் அடியில் கட்டைவிரல் பருமனில் நாலே நாலு காய்கள் சரிசமமாகத் தொங்கின. நாலின் நுனியிலும் ஒவ்வொரு சொட்டு வெள்ளையாக நின்றுகொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சென்னியப்பன் குச்சியைத் துப்பிவிட்டுப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுப்பாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பாலோடு புழங்குகிற மனுஷர் என்பதால் அவருக்கு முதலில் வந்தது பயமும் இல்லை, பக்தியும் இல்லை, இதைக் காய்ச்சினால் திரியுமா திரியாதா என்கிற யோசனைதான். இரண்டாவது யோசனை அவர் பெண்டாட்டியைப் பற்றியது.

ஏனென்றால் அவர் பெண்டாட்டி சிந்தாமணி அவர் போடுகிற டீயைக் குடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊரே குடிக்கிற டீ அது, தாராபுரம் பஸ் டிரைவர்கள் நேரத்துக்கு முன்னாடியே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக் குடித்துவிட்டுப் போகிற டீ. தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் சிந்தாமணியே அந்த டீக்காக மூன்று பஸ்ஸைத் தவறவிட்டு, நாலாவது பஸ்ஸையும் விட்டுவிட்டு அவரையே கட்டிக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் தன் அண்ணன் தோட்டத்துக்குப் போனாள். அங்கே கன்று செத்துப்போன மாட்டுக்குச் சுரப்பு விடவேண்டும் என்பதற்காக, செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள், மாடு அதை நக்கி நக்கி, வைக்கோல் வெளியே வந்த பிறகும் நக்கிக்கொண்டே நின்றது. வீடு திரும்பியவள் அன்று சாயங்காலம் டம்ளரைக் கையில் வாங்கி அப்படியே கீழே வைத்தாள். சண்டை போடவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. "எறங்க மாட்டீங்குதுங் மாமா," என்றாள், அவ்வளவுதான்.

போனால் ஒரு டம்ளர் பால் போகும் என்று நினைத்திருந்த சென்னியப்பனுக்கு, அது எங்கெங்கெல்லாம் போய் நிற்கும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. தயிர் போனது, மோர் போனது, கல்யாணப் பந்தியில் பருப்பின் மேல் ஊற்ற வருகிற நெய்க்குக் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், கோயில் பஞ்சாமிர்தத்தைப் பயபக்தியோடு வாங்கிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தாள், தேன் போனது, முட்டை போனது, தோல் செருப்பு போய் ரப்பர் செருப்பு வந்தது, நல்ல முகூர்த்த மாதத்தில் பட்டு ஜாக்கெட் தைக்க மாட்டேன் என்று சொன்ன ஒரே தையல்காரி அந்தத் தாலுகாவிலேயே அவள்தான். விருந்தாடி போன வீட்டில் ஒரு வாய் மோர் குடிக்காமல் எழுந்து வருவது எங்கள் பக்கத்தில் லேசான காரியம் இல்லை, முகம் சுண்டிப்போவார்கள், அடுத்த விசேஷத்துக்குச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

ஊர் கொஞ்ச நாள் திகைத்தது. அப்புறம் அதுவாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து நிம்மதியானது: சிந்தாமணி ஏதோ சாமிக்கு வேண்டுதல் வைத்திருக்கிறாள். வேண்டுதல் என்றால் எல்லோருக்கும் புரியும், வேண்டுதலை யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. "எப்பக் கண்ணு முடியுது?" என்று மட்டும் பார்க்கிறபோதெல்லாம் கேட்பார்கள். இது வேண்டுதல் இல்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி துணி தைக்க வந்தபோது, "நீங்க வீகனாக்கா?" என்று கேட்க, தான் இத்தனை நாளாக இருக்கிற இருப்புக்கு ஒரு பேர் உண்டு என்று தெரிந்துகொண்டு, சந்தோஷப்பட்டு, அதையும் சொல்லிப் பார்த்தாள். "வீகன்னா எந்தூருச் சாமி?" என்று பக்கத்து வீட்டுப் பாவாயக்கா கேட்டதோடு விட்டுவிட்டாள்.

சென்னியப்பனுக்கோ அது வேண்டுதல் இல்லை என்று தெரியும், தெரிந்ததால்தான் வலித்தது. சிந்தாமணி நிலக்கடலைப் பருப்பை ஊறவைத்து ஆட்டி, துணியில் பிழிந்து, அந்தக் கடலைப்பாலைத் தன் பாட்டுக்குக் காய்ச்சிக் குடிப்பாள். "புண்ணாக்குத் தண்ணி" என்று அவர் அதற்குப் பேர் வைத்திருந்தார். "இதுல ஒருக்கா எனக்கு டீ போட்டுக் குடுங்களே மாமா," என்று முதல் வருஷம் இரண்டு தடவை கேட்டாள். பாலில் தவிர வேறெதிலும் தன் கை டீ போடாது என்று இவர் வீராப்பாகச் சொல்லிவிட்டார், அப்புறம் அவள் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் கடைக்கு வருகிறபோது பாய்லருக்குப் பக்கத்தில் ஆவி அடிக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, கண்ணை மூடி, மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவாள். அவள் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் மூன்று வருஷமும் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஓடினார். "சிந்தா! எந்திரி புள்ள! மாடு இல்லாத பாலு! வந்து பாரு!"

சிந்தாமணி வந்தாள், பார்த்தாள், மடியை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். "பாவம், வலிக்குமாட்ட இருக்குது," என்றாள்.

அதற்குள் சத்தம் கேட்டுப் பாவாயக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள், மரத்தையும் பார்த்தாள், சிந்தாமணியையும் பார்த்தாள், இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டாள். "வேண்டுதல் பலிச்சுப்போச்சு! மாட்டுப் பாலு வேண்டாம்னவளுக்குச் சாமி மரத்துல பாலு குடுத்துருச்சு!" என்று அவள் போட்ட கூச்சல் மாரியம்மன் கோயில் வரைக்கும் கேட்டது, அரை மணி நேரத்தில் பொடக்காலி நிறைந்துவிட்டது.

முருங்கை எப்படிப் பால் கொடுக்கும் என்று புதூரில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் வேளைக்கு எவ்வளவு கொடுக்கும், என்ன தீனி வைப்பது, உதைக்குமா என்பதுதான். பால் சொசைட்டி செயலாளர் நாச்சிமுத்து லாக்டோமீட்டரை எடுத்துக்கொண்டு வந்து முக்கிப் பார்த்து, டிகிரி இருபத்தொன்பது, தண்ணி கலக்காத பால் என்று அறிவித்தபோது ஊர் கை தட்டியது. ஒருத்தர் பருத்திக்கொட்டை அரைத்துக்கொண்டு வந்தார், ஒருத்தர் தவிடு கரைத்து வேரில் ஊற்றினார், கண்ணேறு படாமல் இருக்க மடிக்கு மேலே மிளகாய் சுற்றிப் போட்டார்கள், கழுத்து எது என்று தெரியாததால் மூன்று கிளையிலும் மூன்று மணி கட்டினார்கள், காற்றடிக்கிறபோது அது மந்தை மேய்கிறாற்போல் கணகணத்தது. மாட்டு டாக்டரம்மா வந்து, வேருக்குப் பூச்சி மருந்து கொடுத்து, காதுவில்லை மாட்டக் காதைத் தேடி, ஒரு இலையில் மாட்டினார். மறுநாள் அந்த இலை உதிர்ந்துவிட்டதால் திரும்பவும் வந்து பட்டையில் அடித்துவிட்டுப் போனார். மாட்டு இன்சூரன்ஸ்காரர் படிவத்தில் இனம் என்ற இடத்தில் கலப்பினம் என்றும், நிறம் பச்சை என்றும், பல் என்ற இடத்தில் பார்க்கவில்லை என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மரத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

ஆனால் ஒரு சொட்டுப் பாலை யாரும் நாக்கில் வைக்கவில்லை. வேண்டுதல் வைத்தவள் வாய் வைக்காமல் மற்றவர்கள் குடித்தால் தெய்வக்குற்றம் ஆகிவிடும் என்று ஊர் கூடிப் பேசி, அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சிந்தாமணி முதல் டம்ளரைக் குடித்து வேண்டுதலை முடித்து வைப்பது, அதன் பிறகு வீட்டுக்கு ஒரு டம்ளர் என்று முடிவு செய்தது. அதுவரை கறந்த கொஞ்சநஞ்சத்தையும் பிள்ளையார் தலையில் ஊற்றினார்கள், ஒரு வாரத்தில் பிள்ளையாருக்கே சளி பிடித்திருக்கும்.

அந்த ஒரு வாரமும் சென்னியப்பன் தரையில் நடக்கவில்லை. வடிகட்டித் துணியைப் புதுசாகத் தைக்கச் சொல்லி வாங்கினார், பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்தார், கடைக்கு வந்தவர்களிடம் ஏலக்காயை முன்னாடி தட்டுவதா பின்னாடி தட்டுவதா என்று அபிப்பிராயம் கேட்டார், குளிக்கிறபோது பாடினார். வியாழக்கிழமை சாயங்காலம் சிந்தாமணி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "யோசிச்சுப் பாத்தனுங் மாமா. மாடும் இல்ல, கட்டிப்போடறதும் இல்ல. யாருக்கும் ஒரு நோவு இல்லீன்னா நான் எதுக்குங் வேண்டாங்கோணும்? குடிக்கறனுங்." சொல்லிவிட்டு, ரொம்ப நாள் கழித்து, கல்யாணத்துக்கு முன்னால் பஸ்ஸைத் தவறவிட்டவளாகச் சிரித்தாள். சென்னியப்பன் எழுந்து போய்க் காரணமில்லாமல் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஊருக்கே கொடுக்க வேண்டும் என்பதால் அன்றுதான் முதல் தடவையாக மரத்தை ஒட்டக் கறந்தார்கள். பாவாயக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து, விளக்கெண்ணெய் தொட்டு, நாலு காயிலும் கடைசிச் சொட்டு வரைக்கும் பீச்சியெடுக்க, சொசைட்டி கேன் இரண்டு நிறைந்தது. கடை வாசலில் ஊர் நின்றது, பள்ளிக்கூட வாத்தியார் நின்றார், தாராபுரம் பஸ் நின்றது, எல்லோர் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது. சென்னியப்பன் முதல் டீயைப் போட்டார். வாழ்க்கையில் அவர் போட்டதிலேயே நல்ல டீ அது. நிறம் ஏறி, நுரை நின்று, மணம் தெருமுனை திரும்பிப் போனது. நாலடி உயரத்துக்கு ஆற்றி, கண்ணாடி கிளாஸில் ஊற்றி, இரண்டு கையாலும் சிந்தாமணியிடம் நீட்டினார். அவள் வாங்கினாள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், உதட்டில் வைத்தாள்.

"ம்ம்ம்மா..." என்று வீட்டுப் பின்னாலிருந்து மரம் கத்தியது.

புதூரில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அவரவர் கட்டுத்தரையில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், கேட்டும் கேட்காமல் இருக்கப் பழகியவர்கள், அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

சிந்தாமணி கிளாஸை இறக்கினாள். "அதோட கன்னு எங்கீங்?"

"மரத்துக்கேது அம்மிணி கன்னு?" என்றார் நாச்சிமுத்து.

"மடி இருக்குதுன்னு ஒத்துக்கிட்டீங்க. தவிடு வெச்சீங்க, மணி கட்டுனீங்க, வில்லை அடிச்சீங்க, இன்சூரன்சும் போட்டீங்க. கன்னு மட்டும் இருக்காதுங்களா?"

கூட்டத்தில் யாரோ, வைக்கோலில் ஒரு முருங்கைக் கன்று செய்து முன்னால் வைத்துவிடலாமே என்று யோசனை சொன்னார்கள், சிந்தாமணி திரும்பிப் பார்த்த பார்வையில் சொன்ன ஆள் வாத்தியாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "அது சும்மா கத்தறது கண்ணு, ஒரு வாய் குடிச்சுப்போடு, எல்லாஞ் செரியாப் போயிரும்," என்று பாவாயக்கா கெஞ்சினாள். சிந்தாமணி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கன்று இல்லை என்றால் குடித்துவிடுவாள், அது அவள் முகத்தில் தெரிந்தது. யாராவது இல்லை என்று உறுதியாகச் சொல்ல மாட்டார்களா என்று அவளே காத்துக்கொண்டிருந்தாள்.

கன்றுகள் எங்கே இருக்கின்றன என்று அந்த ஊரில் சென்னியப்பன் ஒருத்தருக்குத்தான் தெரியும், இந்த நொடியில்தான் அவருக்கே தெரிந்திருந்தது. ஆடி மாதம் காற்றுக்கு முன்னால் முருங்கையை வெட்டிவிட்டபோது, வந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு போத்து, கை நீளத்துக் கிளை, நறுக்கிக் கொடுத்தவர் அவர்தான். கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாத பொருள் முருங்கைப் போத்து. பதினேழு வீட்டுக்காரர்கள் வாங்கிப்போய், நுனி காயாமல் இருக்க ஒரு உருண்டைச் சாணியை அப்பி, அவரவர் பொடக்காலியில் நட்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இன்னும் இரண்டு நிமிஷத்தில் அவள் குடித்துவிடுவாள், மூன்று வருஷத்து ஆசை தீர்ந்துவிடும். குடித்த பிறகு என்றைக்காவது தெரிந்தால், அவள் சண்டை போடமாட்டாள், புத்தி சொல்ல மாட்டாள், டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள், அதைத்தான் அவரால் தாங்க முடியாது. அதைவிட, இப்போது அவள் முகத்தைப் பார்த்துப் பொய்யாக நிற்பது இன்னும் முடியவில்லை.

"நாந்தான் சிந்தா வெட்டுனேன்," என்றார். "ஆடியில. பதினேழு போத்து. இவிய ஊடுகள்லதான் நிக்குது."

மரம் இன்னொரு தரம் கத்தியது. இந்தத் தடவை பதில் வந்தது. வடக்கு வளவிலிருந்து மெலிசாக ஒரு "ம்மே", பிள்ளையார் கோயில் பக்கமிருந்து ஒன்று, வாத்தியார் வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒன்று, அப்புறம் எல்லாம் சேர்ந்து. வேலி முறிகிற சத்தம் கேட்டது, ஒரு தகரக் கதவு தடாலென்று விழுந்தது, தெருமுனையில் புழுதி எழுந்தது. பதினாறு முருங்கைக் கன்றுகள், இடுப்பு உயரம்கூட இல்லை, தலையில் அப்பிய சாணி உருண்டை தலைப்பாகையாகக் காய்ந்திருக்க, தளிர் இலையை வாலாகத் தூக்கிக்கொண்டு, வேர்க்காலால் மண்ணை வாரியிறைத்துக்கொண்டு, கடைவீதியில் துள்ளிக் குதித்து ஓடிவந்தன. கண்டக்டர் விசில் அடித்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. காய்கறி வண்டி கவிழ்ந்தது, வெங்காயம் உருண்டது, ஒரு கன்று வெங்காயத்தைத் தாண்டிக் குதித்துப் பார்த்து, பிடித்துப்போய், திரும்பி வந்து இன்னொரு தரம் குதித்தது. நாச்சிமுத்துவை இரண்டு கன்றுகள் முட்டித் தள்ளிவிட்டுப் போக, அவர் மல்லாந்து கிடந்தபடி, "எங்கூட்டுக் கன்னு! அந்தக் கோணல் சாணி, அது எங்கூட்டுது!" என்று கத்தினார்.

கேனும் டம்ளருமாக ஊர் பின்னாலேயே ஓட, எல்லாம் பொடக்காலிக்குப் போய்த் தாய் மரத்தை மொய்த்து மடியில் முட்டின. மடி வற்றிக் கிடந்தது, அத்தனையும் கேனில் இருந்தது. ஊர் கேனைப் பார்த்தது. முதலில் பாவாயக்காதான் கேனைத் தூக்கினாள், "கறந்தவ நாந்தானுங், ஊத்தறதும் நானே ஊத்தறேன்," என்று மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு கன்றின் வேரில் ஊற்றினாள். அது உறிஞ்சுகிற சத்தம் சர்ரென்று கேட்டதும் யாருக்கும் நிற்க முடியவில்லை, அவரவர் டம்ளரில் மொண்டு மொண்டு ஊட்டினார்கள், என்னுது குடிக்கவில்லை உன்னுது இரண்டு தரம் குடிக்கிறது என்று சண்டை போட்டார்கள், வாத்தியார் வேட்டி நனைந்து நிற்க ஒரு கன்றின் முதுகைத் தட்டி ஏப்பம் விட வைத்தார். தாய் மரம் கத்துவதை நிறுத்திவிட்டுக் கிளையைத் தாழ்த்தி ஒவ்வொன்றின் சாணித் தலையையும் தடவியது. நாச்சிமுத்து காலிக் கேனைக் கவிழ்த்துப் பார்த்தார், சொசைட்டிக்கு என்று ஆரம்பித்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் பதினேழாவது வந்தது. ஊருக்கு வெளியே கடைசி வீட்டில் நட்டது, எல்லாவற்றிலும் சின்னது, இரண்டே இலை, ஒரு வேரை நொண்டிக்கொண்டு வந்து கூட்டத்துக்கு வெளியே நின்றது. கேனில் ஒரு சொட்டு இல்லை. ஊரில் மிச்சம் இருந்த மரத்துப் பால் எல்லாம் சிந்தாமணி கையிலிருந்த அந்த ஒரு கிளாஸ் டீயில்தான் இருந்தது.

சிந்தாமணி புருஷனைப் பார்த்தாள். சென்னியப்பன் அந்தக் கிளாஸைப் பார்த்தார், நுரை இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதை அவள் கையிலிருந்து வாங்கி, சூடு குழந்தைக்கு ஆகாது என்று இன்னும் மூன்று ஆற்று ஆற்றி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சின்னதின் வேரில் மெல்ல ஊற்றினார். அது குடித்தது, ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது, பிறகு பொடக்காலியை ஏழு தரம் சுற்றி ஓடியது. அந்த மரம் இன்றைக்கும் ராத்திரியில் தூங்குவதில்லை, மற்ற முருங்கையெல்லாம் இலை கூம்பி நிற்கிறபோது அது மட்டும் முழித்துக்கொண்டு நிற்கும் என்று புதூரில் சொல்கிறார்கள்.

சென்னியப்பன் காலிக் கிளாஸோடு எழுந்தார். அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. வீட்டுக்குள் போய், சிந்தாமணியின் அடுக்களை மூலையில் மூடிவைத்திருந்த கடலைப்பால் போசியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஊர் அவர் பின்னாலேயே வந்தது.

"எப்படிப் போடோணும், சொல்லு," என்றார்.

மூன்று வருஷத்தில் அவர் அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. சிந்தாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "கொதிக்க உடாதீங்க மாமா. தூளைத் தனியா எறக்கிக்குங்க. கடைசியாச் சேருங்க."

இருபத்திரண்டு வருஷம் டீ போட்ட கை முதல் டீயைத் திரியவைத்தது. ஊர் உச்சுக்கொட்டியது. இரண்டாவது தண்ணியாகப் போனது, டிரைவர் யோசனை சொன்னார், டிரைவரைக் கண்டக்டர் அடக்கினார். மூன்றாவதை அவரே ஒரு வாய் குடித்துப் பார்த்துக் கீழே ஊற்றினார். நாலாவதுக்கு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தூளைக் கூட்டி, இஞ்சியைத் தட்டி, நாட்டுச்சர்க்கரை போட்டு, கடலைப்பாலை ஓரமாக இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆற்றினார். நிறம் ஏறியது, நுரைகூடக் கொஞ்சம் நின்றது. இரண்டு கையாலும் நீட்டினார்.

சிந்தாமணி வாங்கினாள். மரம் கத்துகிறதா என்று ஊர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து மூன்று மணியும் காற்றில் ஆடுகிற சத்தம்தான் வந்தது. அவள் ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், அப்புறம் நிறுத்தாமல் அடிவரைக்கும் குடித்து, கிளாஸை மேஜை மேல் வைத்தாள்.

"எப்படிக் கண்ணு இருக்குது?" என்றாள் பாவாயக்கா, பொறுக்க முடியாமல்.

சிந்தாமணி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கிளாஸைச் சென்னியப்பன் பக்கம் தள்ளினாள்.

"இன்னொண்ணு போடுங் மாமா."